ஆனந்தரங்கர் நாட்குறிப்பில் ஒரு சுவர்

இலக்கியம் படைக்க வேண்டும் என்னும் எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட சில நூல்கள் காலப்போக்கில் இலக்கியத் தகுதி பெற்றுவிடுகின்றன. புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அத்தகைய நூல். 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக்காலம் தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதி வந்தார். போர் வரலாறு தேடுவோர் அதில் தூப்ளேயைக் காண்கின்றனர். வாணிப வரலாறு தேடுவோர் துணி மூட்டைகளின் விலையைக் காண்கின்றனர். புதுவை மறைமாவட்டத்துக் கத்தோலிக்கராகிய நாம் அந்நூலைத் திறக்க வேறொரு காரணம் உண்டு. நம்முடைய தலைமைக் கோவில் இன்று நிற்கும் இடத்தில் முன்பு இருந்த கோவிலுக்குள் எழுப்பப்பட்டிருந்த ஒரு சுவரும், அது இடிக்கப்பட்ட நாளும் அதில் பதிவாகியுள்ளன.

மனிதரைப் பிறப்பால் பிரித்து வைத்த நாடுகளின் வரலாற்றை நாம் பொதுவாக இரண்டாகப் பகுத்துப் பேசுகிறோம்: பிரிவினைக்கு முன், பிரிவினைக்குப் பின். தென்னாப்பிரிக்காவுக்கு 1994 என்கிறோம். நமக்கு 1954 என்கிறோம். இந்தப் பகுப்பு எவ்வளவு உண்மை? சுவர் விழுந்த நாளோடு 'பின்' என்னும் காலம் தொடங்கிவிடுகிறதா? இந்த வினாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆனந்தரங்கரின் நாட்குறிப்பை வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

1709இல் பிறந்த ஆனந்தரங்கர் பிரெஞ்சுக் கம்பெனியோடு நெருங்கிப் பழகி வளர்ந்தவர். கம்பெனியின் தலைமைத் துபாஷியாக விளங்கிய கனகராய முதலியார் 1746இல் காலமான பின், அப்பதவி ஆனந்தரங்கரிடம் வந்தது. முதலியார் கத்தோலிக்கர், அரியாங்குப்பத்தில் 1745இல் கோவில் எழுப்பியவர். ஆனந்தரங்கர் வைணவர். இருவருக்கும் இடையில் இருந்த போட்டியை நாட்குறிப்பின் பக்கங்கள் மறைக்கவில்லை. எனவே, கிறிஸ்தவர்களைப் பற்றி அவர் எழுதும்போது ஓரளவு விலகிநின்று, சில வேளைகளில் சற்றே குத்தலாகவும் எழுதுகிறார். இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அதே சமயம், நம்மைச் சாராத ஒருவரின் கண் நம்மவர் எழுதாமல் விட்டதையும் கண்டுகொள்ளும் என்பதையும் மறந்துவிடலாகாது.

1761 ஜனவரியில், ஆங்கிலேயரின் முற்றுகையில் நகரம் வீழ்வதற்குச் சில நாள்கள் முன்பு அவர் மறைந்தார். அவரது கையெழுத்துச் சுவடிகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மோன்பிரன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றின் அருமையை உணர்ந்து வெளியுலகுக்குத் தெரிவித்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறியது அதற்கும் பிறகே. தமிழில் எழுதப்பட்ட நூலைத் தமிழர் ஆங்கிலத்தின் வழியே முதலில் அறிய நேர்ந்தது.

இந்நூலின் நடை பண்டிதர் நடையன்று. பேச்சுத் தமிழும் கச்சேரித் தமிழும் கலந்து, பிரெஞ்சு, போர்த்துக்கீசு, பாரசீகச் சொற்களை ஊடே விரவி, மூச்சுவிடாமல் ஓடும் நடை. நிகழ்ந்த நாள், நேரம், வந்தவர் யார், சொன்னது என்ன, மறுமொழி என்ன என்று அடுக்கிச் செல்வார். நீதி சொல்லி முடிக்கும் வழக்கம் அவரிடம் அரிது. திறனாய்வாளர் பாராட்ட வேண்டிய பண்பு இது. தீர்ப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நிகழ்ச்சியை மட்டும் வாசகர் முன் வைக்கிறார். இருநூற்றெண்பது ஆண்டுகள் கழித்தும் அந்நிகழ்ச்சி நம்மோடு வழக்காட முடிவது இதனால்தான்.

கோவிலுக்குள் ஒரு சுவர்

1745 அக்டோபர். புதுவையில் இயேசு சபைக் குருக்களின் பொறுப்பில் இருந்த புனித பவுல் கோவில். 'சம்பா கோவில்' என்று நாம் இன்றும் அழைக்கும் பெயர் அந்தப் பவுலின் பெயரிலிருந்து திரிந்தது என்பர். அக்கோவிலின் வடபகுதியில் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. சுவரின் ஒரு பக்கம் அன்றைய வழக்கில் 'பறையர்' எனப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும், சட்டைக்காரர்களும், ஐரோப்பியர்களும். ஒரே பீடம், ஒரே பலி, ஒரே நற்கருணை; நடுவில் சுவர்.

தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒருநாள் திரளாகச் சென்று மூத்த குருவைக் கண்டனர். நாங்களும் உங்கள் சீடர்கள்தாம் என்றால் எல்லாரையும் ஒன்றாக அல்லவா நடத்த வேண்டும், ஆண்டவர் தம்மை வழிபடுவோருக்குள் வேற்றுமை வைக்கவில்லையே, சாதிக்காரர் எங்களைத் தள்ளிவைக்க நீங்கள் உடன்பட்டது என்ன நியாயம் என்னும் கருத்துப்பட அவர்கள் கேட்டதாக ஆனந்தரங்கர் எழுதுகிறார். அவர்கள் சொல்வது நியாயமே என்று உணர்ந்த குரு, அப்போதே சுவரை இடிக்கச் செய்தார். எல்லாரும் என் பிள்ளைகளே, விரும்பிய இடத்தில் அமருங்கள் என்றார்.

இந்த முறையீட்டை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரக்கம் காட்டுங்கள் என்று அவர்கள் கெஞ்சவில்லை. எந்த மறையைக் குருக்கள் அவர்களுக்குப் போதித்தார்களோ, அதே மறையிலிருந்து எடுத்து வழக்குரைத்தார்கள். பகைமையின் நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசியருக்குத் திருத்தூதர் எழுதியதன் பொருளை, மறைநூல் வல்லுநர்களுக்கு முன்னரே அந்த எளிய மக்கள் புரிந்துகொண்டிருந்தனர். குரு அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சுவருக்கு ஒரு முன்கதை உண்டு. பேராயர் தூர்னோன் உரோமையின் தூதராகப் புதுவைக்கு வந்து, 1704இல் இங்கிருந்தே ஓர் ஆணை வெளியிட்டார். மலபார் சடங்குகள் பற்றிய நெடிய விவாதத்தின் ஒரு கட்டம் அது. தாழ்த்தப்பட்ட நோயாளிகளின் இல்லங்களுக்குள் சென்றே குருக்கள் அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். அப்படி ஆணையிட வேண்டியிருந்தது என்றால், குருக்கள் அவ்வீடுகளுக்குள் செல்லாதிருந்தனர் என்பது தெளிவு. நாற்பது ஆண்டு வழக்குக்குப் பின், 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் தம் ஆணை மடலில் இவ்விவாதத்தை முடித்துவைத்தார். மறு ஆண்டே புதுவையில் சுவர் விழுகிறது. ஆனந்தரங்கர் உரோமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அவர் காட்டும் காட்சிக்குப் பின்னால் இந்த நெடிய வரலாறு நிற்கிறது. தலைமையின் ஆணை காகிதத்தில் இருந்தது. அதைச் செயலாக்கியது கீழிருந்து எழுந்த குரல்.

சுவர் விழுந்த பின்

திறனாய்வு நோக்கில் மிக முக்கியமான பகுதி இதற்குப் பின் வருவதே. சுவர் இடிந்தது என்று எழுதி முடித்திருந்தால் அது நல்லதொரு நீதிக்கதையாக அமைந்திருக்கும். ஆனந்தரங்கர் அங்கே நிறுத்தவில்லை. கனகராய முதலியாரின் உறவினர் இல்லத்துப் பெண் ஒருவர் மெல்லிய ஆடையும் நகைகளும் நறுமணமும் பூண்டு கோவிலுக்கு வருகிறார். குரு எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்துபேசி எழுப்பிவிடுகிறார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதிக்கின்றனர், கூடிப் பேசுகின்றனர், குருவோடு வாக்குவாதம் முற்றுகிறது, செய்தி ஆளுநர் தூப்ளேவரை சென்று, அரசே தலையிடும் நிலை ஏற்படுகிறது.

சுவர் இடிக்கப்பட்டதைப் பற்றி நேரடியாகச் சண்டையிட அவர்களால் இயலவில்லை; மறையின் பெயரால் அதை எதிர்க்க முடியாது. நகையையும் ஆடையையும் பற்றிச் சண்டையிட முடிந்தது. குல மானம் என்னும் பழைய சினம் புதிய காரணம் ஒன்றைக் கண்டுகொண்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் அந்தப் பெண். சமத்துவத்துக்காகச் சுவரை இடித்த அதே குரு, ஒரு பெண்ணைச் சபைநடுவில் இழிவுபடுத்தத் தயங்கவில்லை. நீதி ஒரு பக்கம் வளர்ந்தபோது மறுபக்கம் குன்றியிருந்ததை நாட்குறிப்பு மறைக்காமல் காட்டுகிறது.

இடிந்த சுவரோடு பிரிவினை மறைந்துவிடவில்லை என்பதை வரலாறு அறியும். தனி இருக்கைப் பகுதி, தனி வாயில், தனிக் கல்லறை என்று பல வடிவங்களில் தமிழகத் திருச்சபையில் அது நீடித்தது.

எழுத்தின் குறை

ஆனந்தரங்கரைப் பாராட்டிவிட்டு அவரது குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. இந்தப் பதிவில் கனகராய முதலியாரின் பெயர் இருக்கிறது. அவருடைய சுற்றத்தாரின் பெயர் இருக்கிறது. குருவிடம் சென்று முறையிட்ட மக்களில் ஒருவருக்குக்கூடப் பெயரில்லை. அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகப் பேசுகிறார்கள், கூட்டமாக மறைந்துவிடுகிறார்கள். புதுவைத் திருச்சபை வரலாற்றில் மிகத் துணிவான சொற்களைப் பேசிய மனிதர் யார் என்று நாம் அறிய வழியில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட கை, அவர்கள் பெயரைக் கேட்டு எழுதத் தேவையில்லை என்று எண்ணிற்று. அதுவும் ஒரு சுவர்தான். எழுத்துக்குள் நிற்கும் சுவர்.

மற்றொரு பதிவையும் இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அதை எழுதும்போது ஆனந்தரங்கரின் நடை மாறிவிடுகிறது. விலகிநிற்கும் குரல் உடைகிறது. துயரமும் சினமும் பொங்குகின்றன. அதில் நம் குருக்களின் பங்கையும் அவர் தயங்காமல் எழுதுகிறார். கத்தோலிக்க வாசகருக்கு இப்பக்கங்கள் எளிதானவை அல்ல. தம் மக்களுக்கிடையே நின்ற சுவரை நீதியின் பெயரால் இடித்த ஒரு சபை, மூன்றே ஆண்டுகளில் அண்டை வீட்டாரின் வழிபாட்டுச் சுவர் இடிபட உடந்தையாக இருந்தது. முதல் செயலைப் பெருமையோடு பேச விரும்பும் நாம் இரண்டாவதையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டவர்கள். வேண்டிய பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்வதற்கு நாட்குறிப்பு இடம் தருவதில்லை.

வாய்க்காலின் இரு கரைகள்

கோவிலுக்குள் நின்ற சுவரை ஊரளவில் விரித்துப் பார்த்தால் அன்றைய புதுச்சேரி தெரியும். ஆம்பூர் சாலைக்கும் செஞ்சி சாலைக்கும் இடையில் செல்லும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலையொட்டி 'வெள்ளை நகரம்'. மேற்கே 'கறுப்பு நகரம்'. ஆன்ம காரியத்திலும் அதே கோடு: ஐரோப்பியர்களுக்குக் கப்பூச்சின் குருக்கள், தமிழர்களுக்கு இயேசு சபைக் குருக்கள். துய்மா வீதியில் 1855இல் கட்டி முடிக்கப்பட்ட தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தை மக்கள் இன்றும் 'கப்ஸ் கோவில்' என்றே அழைக்கின்றனர். அந்தப் பெயருக்குள் பழைய பிரிவினை உறங்குகிறது.

வெள்ளையர் இட்ட கோட்டை மட்டும் குறைசொல்லி நாம் தப்பிவிட முடியாது. கறுப்பு நகரத்துக்குள் வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு என்று சாதிதோறும் கோடுகள் இருந்தன. ஐரோப்பியரால் தள்ளிவைக்கப்பட்டவர், தம் பங்குக்கு வேறொருவரைத் தள்ளிவைத்தார். கோவிலுக்குள் ஐரோப்பியரும் சாதிக் கிறிஸ்தவரும் சுவரின் ஒரே பக்கத்தில் அமர்ந்திருந்தனர் என்னும் ஆனந்தரங்கரின் சிறு குறிப்பு இதைத்தான் உணர்த்துகிறது. நிறத்தால் பிரிந்தோர், சாதியால் கைகோத்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கோடு சட்டத்தின் வடிவம் எடுத்தது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றத்துக்குள் சென்றதற்காகத் தடுக்கப்பட்டார். பாரீசு வரை வழக்காடி வென்றார். 1881இல், தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்யும் ஆணை வந்தபோது, அதில் முன்நின்ற அவர் 'லாபோர்த்' என்று குடும்பப் பெயர் சூடிக்கொண்டார். பிரெஞ்சில் அதன் பொருள் 'கதவு'. சுவரில் ஒரு கதவு திறந்துவிட்டது என்பது அவரது நம்பிக்கை. தாழ்த்தப்பட்டோரிலும் கிறிஸ்தவர்களிலும் பலர் அக்கதவின் வழியே நுழைந்தனர். உள்ளே அவர்களுக்குக் கிடைத்ததோ மற்றொரு வரிசை. 1884இல் வாக்காளர்கள் ஐரோப்பியர், துறந்தோர், ஏனைய இந்தியர் என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். 1899இல் மூன்று இரண்டாயிற்று. கைவிரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியரின் வாக்கு, பல்லாயிரவர் வாக்கினும் கனமாக இருந்தது. சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய குடியரசு, தேர்தல் நாளில் இனப் பட்டியலை விரித்தது. 1945இல்தான் பட்டியல்கள் ஒன்றாயின. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி முழுமை பெற்றது.

புல்வார்களுக்கு வெளியே, நகரின் வடமேற்கில் உள்ள தட்டாஞ்சாவடி போன்ற பகுதிகளில் வாழும் நமக்கு இந்தக் கோடுகள் பழங்கதையாகத் தோன்றலாம். தொழிற்பேட்டையை நாடிப் பல ஊர்களிலிருந்து வந்தோர் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இடம் இது. இன்னார் தெரு என்று வரம்பிட்டு வாழ இங்கே பழைய நகரத்தின் கட்டுப்பாடு இல்லை. ஆனால், அடுத்த வீட்டாரோடு அன்பாகப் பழகும் அதே கத்தோலிக்கக் குடும்பம், மகளுக்கு வரன் தேடும்போது விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்னும் எழுத்துகளுக்கு அருகே சாதிப் பெயரைத் தவறாமல் சேர்க்கிறது. அந்த ஒரு வரியில் 1745ஆம் ஆண்டுச் சுவர் மறுபடி எழுந்து நிற்கிறது.

தென்னாப்பிரிக்கா தரும் ஒளி

இவ்விடத்தில் தென்னாப்பிரிக்காவின் வரலாறு நமக்குத் துணைசெய்கிறது. அது நமக்கு முற்றிலும் அயல்நாடன்று. 1860இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பலில் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழர்கள் அங்கே வாழ்கின்றனர். காரைக்காலுக்குத் தெற்கே... என்று நாம் வழிதேடிப் போக வேண்டியதுமில்லை. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, அந்நாட்டின் பாகுபாட்டுச் சட்டத்தை எதிர்த்துச் சிறைசென்று, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிர்நீத்ததை எல்லாரும் அறிவோம்.

அந்நாட்டில் இனப்பிரிவினை 1948இல் அரசின் கொள்கையாயிற்று. 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று வகுத்தது. தர்பன் நகரின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டன. இவையெல்லாம் செய்தித்தாள் வாசித்தோர் அறிந்தவை. நம் கவனத்துக்குரியது அதற்கும் முந்தைய ஒரு நிகழ்ச்சி. 1857இல் அங்குள்ள டச்சுச் சீர்திருத்தச் சபையின் பேரவை கூடியபோது, எல்லா நிறத்தாரும் ஒன்றாக வழிபடுவதே மறைநூலுக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி வழிபாட்டுக்கும் இசைவு தந்தது. 1881இல் வெள்ளையரல்லாதாருக்குத் தனிச் சபையே உருவாயிற்று. நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கோவிலுக்குள் கோடு இழுக்கப்பட்டுவிட்டது. சிலருடைய பலவீனத்துக்கு இடங்கொடுத்தல் என்னும் அந்தச் சொல்லாட்சியை நாம் நன்கு அறிவோம். புதுவைக் கோவிலில் சுவர் எழும்பியபோதும் இத்தகைய ஒரு நியாயமே சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் தனித்து நிற்கவில்லை. 1957இல் தென்னாப்பிரிக்க ஆயர்கள் இனப்பிரிவினையை இயல்பிலேயே தீயது என்று கண்டித்தனர். அரசைக் கண்டித்ததோடு அவ்வறிக்கை நின்றிருந்தால் அதன் மதிப்பு பாதியாகக் குறைந்திருக்கும். தங்கள் பள்ளிகளிலும் குருமடங்களிலும் துறவியர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் அதே பிரிவினை நடைமுறையில் உள்ளது என்பதையும் அதே அறிக்கையில் அவர்கள் ஏற்றுக்கொண்டனர். 1994 ஏப்ரலில் எல்லாரும் வாக்களித்த தேர்தலுக்குப் பின், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996இல் தன் பொது அமர்வுகளைத் தொடங்கியது. 1997 நவம்பரில் சமயக் குழுக்களுக்கென்றே தனி அமர்வு நடந்தது. சபைகள் ஒவ்வொன்றாக வந்து, தாங்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் மக்கள் முன் சொல்லின.

அந்த ஆணையத்தால் எல்லாக் காயமும் ஆறிவிடவில்லை. நிலமும் செல்வமும் இன்னும் ஏற்றத்தாழ்வாகவே அங்கு கிடக்கின்றன. ஆயினும் ஒன்றை அந்நாடு செய்தது: அடிபட்டவர் பெயர்சொல்லிப் பேசினார்; நாடு உட்கார்ந்து கேட்டது. ஆனந்தரங்கரின் பக்கங்களில் நாம் காணாதது இதுதான்.

உள்ளிருந்து எழுந்த குரல்

நம்மிடையே அக்குரல் எழும்ப 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, துறவற மடத்தில் வாழ்ந்து, அதைவிட்டு வெளியே வந்த ஒரு பெண் எழுதிய தன்வரலாறு அது. வெளிவந்தபோது அதன் மொழியைக் கொச்சை என்றோர் உண்டு; திருச்சபையை வெளியார் முன் குறைத்துக் காட்டிவிட்டதாக வருந்தினோரும் உண்டு. இரண்டு குறைகூறலும் நிற்கா. அந்தப் பேச்சுமொழி அம்மக்களின் வாழ்வோடு ஒட்டிய மொழி. திருத்திய நடையில் எழுதியிருந்தால் அந்த நினைவுகள் வேறொருவருடையதாகியிருக்கும். திருச்சபையைப் பற்றிய அவரது கேள்விகளோ, 1745இல் பெயரற்ற அம்மக்கள் குருவின் முன் வைத்த அதே கேள்விகள்: நீங்கள் போதித்ததை நீங்கள் நம்புகிறீர்களா?

இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. ஆனந்தரங்கர் சுவரை வெளியிலிருந்து கண்டார். ஆளும் வட்டத்தின் நடுவிலிருந்தவர் ஆதலால் இருபக்கத்தாரின் சூழ்ச்சியும் அவருக்குத் தெரிந்தது. பாமா சுவரின் மறுபக்கத்திலிருந்து எழுதினார். சுவர் என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது மட்டுமல்ல, தின்பண்டத்தைத் தொடாமல் நீட்டும் கையிலும் மடத்துச் சமையலறைப் பேச்சிலும் அது இருக்கிறது என்று காட்டினார். நாட்குறிப்புக்கு அகலம் உண்டு. 'கருக்கு'க்கு ஆழம் உண்டு. தமிழகத் திருச்சபையின் வரலாற்றை எழுத விரும்புவோர் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுத முடியாது.

நம் கடமை

ஆயர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. 1982இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதிப் பாகுபாட்டுக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 2003 நவம்பரில் சென்னை மயிலை, மதுரை, புதுவை கடலூர் உயர்மறைமாநிலங்களின் ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதி அடிப்படையிலான எந்த முற்சாய்வும் உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு முரணான அடையாளம் என்னும் பொருள்படக் கூறினார். ஐந்தாண்டுகளுக்குள், 2008 மார்ச்சில், நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் கத்தோலிக்கர் கத்தோலிக்கரோடு மோதினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 1704ஆம் ஆண்டு ஆணைக்கு நேர்ந்ததே 2003ஆம் ஆண்டு அறிவுரைக்கும் நேர்ந்தது. நாட்டின் சட்டமும் இதில் நமக்குத் துணையில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியினரின் உரிமைகளுக்குப் புறம்பாக வைத்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. அரசிடம் நீதி கேட்பது நம் உரிமை. கேட்கும்போது, நம் வீட்டுக்குள் அந்த நீதி உண்டா என்னும் எதிர்வினாவுக்கும் நாம் விடை வைத்திருக்க வேண்டும்.

இன்று கடற்கரையை ஒட்டிய வீதிகளுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டி, 'வெள்ளை நகரம்' என்னும் பழைய பெயரையே விளம்பரமாக்கி, பயணியரை அழைக்கின்றனர். பெயர் இருக்கிறது, அதன் பொருள் மறந்துவிட்டது. சுவரை இடிப்பதைவிட, இங்கே ஒரு சுவர் இருந்தது, அதை நம்மவர் கட்டினர், நம்மவர் கேட்டனர், நம்மவர் இடித்தனர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது கடினமாக இருக்கிறது போலும்.

ஆகவே நம் வேண்டுகோள் எளியது. பங்குகளில் இயங்கும் வாசக வட்டங்களும் அன்பியங்களும் இளைஞர் மன்றங்களும் ஆனந்தரங்கரின் 1745 அக்டோபர்ப் பதிவை எடுத்து ஒரு மாலை கூட்டாக வாசிக்கட்டும். அதன் பின் 'கருக்கு' நூலின் சில பக்கங்களையும் வாசிக்கட்டும். இன்று நம் பங்கில் சுவர் எங்கே இருக்கிறது என்னும் வினாவை, கல்லறைத் தோட்டத்தையும் திருவிழாத் தேரையும் மணமக்கள் விளம்பரத்தையும் மனத்தில் கொண்டு, ஒருவரையொருவர் கேட்கட்டும். சுவரின் மறுபக்கம் அமர்ந்திருந்தோரின் வழிவந்தவர்கள் அக்கூட்டத்தில் முதலில் பேசட்டும். அவர்கள் பெயர் இம்முறை குறிப்பேட்டில் எழுதப்படட்டும். 'பிரிவினைக்குப் பின்' என்னும் காலம் நம்மிடையே தொடங்குவது அன்றுதான்.